நீல போர்ட்டுக்கு ஒரு வாய்ப்பூட்டு

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா நடக்கும் எட்டு நாளும் தேனி வட்டாரத்து ஸ்டுடியோக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. தீச்சட்டி எடுப்பவர்களும் ஆயிரங்கண் பானை சுமப்பவர்களும் ராத்திரி பகல் பார்ப்பதில்லை. கேமராவும் பார்க்க முடியாது. மெமரி கார்டு நிரம்ப நிரம்ப அதைக் கம்ப்யூட்டரில் குத்தி, உள்ளே இருப்பதை ஹார்ட்டிஸ்க்குக்கு மாற்றி, கார்டை அழித்து மறுபடி முல்லையாற்றங்கரைக்கு அனுப்ப வேண்டும். இந்த நேரம் பார்த்துத்தான் ஒயர்லெஸ் மௌஸ் மக்கர் பண்ணும். திரையில் அம்புக்குறி கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும், திடீரென்று ஒரு மூலைக்குத் தாவும். பேட்டரியை மாற்றுவார்கள். மௌஸைத் தட்டிப் பார்ப்பார்கள். அதற்குள் காப்பி முடிந்திருக்கும், மௌஸும் ஒழுங்காகியிருக்கும். பழி பேட்டரி மேல் விழுந்துவிடும்.

பேட்டரி நிரபராதி. குற்றவாளி, மௌஸின் குட்டி ரிசீவருக்கு ஒரு விரற்கடை தள்ளிக் குத்தியிருக்கும் ஹார்ட்டிஸ்க்தான். அதன் கேபிளும் அது குத்தியிருக்கும் நீல நிற யூஎஸ்பி போர்ட்டும் கூட்டுக் களவாணிகள். இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது யூஎஸ்பியை வளர்த்தெடுத்த இன்டெல் நிறுவனமே. யூஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லாக் கருவிகளைப் பாதிக்கிறது என்று 2012-ல் அது ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. வெளி ஹார்ட்டிஸ்க்கை இணைத்தவுடன் அந்த அலைவரிசையின் பின்னணி இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபெல் உயர்ந்ததை அதில் அளந்து காட்டினார்கள். 20 டெசிபெல் என்றால் திறனில் நூறு மடங்கு.

எப்படி என்று பார்ப்போம். யூஎஸ்பி 3.0 கம்பியில் விநாடிக்கு 500 கோடி பிட்டுகள் ஓடுகின்றன. அத்தனை வேகமாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தின் ஆற்றல் ஒரே அதிர்வெண்ணில் நிற்காது. அடியிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் வரை பரவிக் கிடக்கும். அந்தப் பரப்பின் நட்டநடுவில் இருக்கிறது 2.4. கேபிளின் கவசம் சரியில்லாத இடத்திலும், பிளக்கும் போர்ட்டும் சேரும் இடுக்கிலும் இது காற்றில் கசிகிறது. மௌஸ், கீபோர்டு, ப்ளூடூத், பழைய வைஃபை எல்லாம் குடியிருப்பது அதே 2.4-ல். இந்தியாவில் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் குறைந்த திறன் கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2005-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. இலவச மனை என்றால் கூட்டம் சேரத்தானே செய்யும். இரைச்சல் அந்தப் பட்டைக்குள்ளேயே விழுவதால் ஃபில்டர் போட்டு வடிகட்டவும் வழியில்லை. இரைச்சலை வடித்தால் மௌஸின் குரலும் சேர்ந்தே போய்விடும்.

ரிசீவரை ஒரு நீட்டிப்பு ஒயரில் மாட்டித் தள்ளி வைப்பது முதல் வைத்தியம். பெரும்பாலும் அதுவே போதும். போதாதபோது, அல்லது வேறு காரணங்களுக்காக, நீல போர்ட்டையே பழைய 480 மெகாபிட் வேகத்துக்கு இறக்க வேண்டிவரும். 480-ஐ ஐந்தால் பெருக்கினால் அதே 2,400 வருகிறதே என்று கணக்குப் பிள்ளைகள் கேட்கலாம். இந்த வகைச் சமிக்ஞையின் ஆற்றல் அதன் வேகத்தின் முழு மடங்குகளில் சரியாகச் சுழியத்தை ஒட்டி விழுந்துவிடும் என்பதால் அங்கே பயமில்லை.

எப்படி இறக்குவது? இங்கேதான் பலர் தவறான படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குத் தண்ணீர் விடுவதுபோல நினைக்கிறார்கள். தேக்கடியில் ஷட்டரை உயர்த்தினால் கூட வரும், இறக்கினால் குறைய வரும். பாசனத்துக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி என்று அளந்து விடலாம். யூஎஸ்பியில் அப்படி ஷட்டர் கிடையாது. விநாடிக்கு 1,000 மெகாபிட் மட்டும் விடு என்று எந்த போர்ட்டிடமும் சொல்ல முடியாது. இருப்பவை படிகள்: 1.5 மெகாபிட், 12 மெகாபிட், 480 மெகாபிட், 5 கிகாபிட், 10, 20, 40 என்று மேலே போகும். எந்தப் படியில் நிற்பது என்பதை, குத்திய அந்தக் கணத்தில், கருவியும் கம்ப்யூட்டரும் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கின்றன. உங்களைக் கேட்பதில்லை. வேகத்தைக் குறைக்க விரும்புகிறவர் செய்யக்கூடியது ஒன்றே: அந்தப் பேச்சில் ஒரு தரப்பின் வாயைக் கட்டுவது.

அந்தப் பேச்சுவார்த்தை கேட்கத் தகுந்தது. 1996 ஜனவரியில் முதல் யூஎஸ்பி விதிமுறை வந்தபோது இரண்டே வேகங்கள். வடோதராவில் பிறந்த அஜய் பட் இன்டெலில் இருந்த குழுவோடு முன்னின்று வடித்த அந்த ஏற்பாட்டில் அறிமுகம் ரொம்ப எளிமை. டேட்டாவுக்கு இரண்டு கம்பிகள், டி பிளஸ், டி மைனஸ். கருவி தன் பக்கத்தில் 1,500 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து இவற்றில் ஒரு கம்பியை 3.3 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும். டி மைனஸை இழுத்தால் 'நான் 1.5 மெகாபிட் ஆள்' என்று பொருள். டி பிளஸை இழுத்தால் 12. மௌஸும் கீபோர்டும் பெரும்பாலும் முதல் வகை. பைசாப் பெறாத ஒரு ரெசிஸ்டர் எந்தக் கம்பியில் உட்கார்ந்திருக்கிறது என்பதே மொத்த ஜாதகம்.

2000-ல் யூஎஸ்பி 2.0 வந்து 480 மெகாபிட்டைக் கொண்டுவந்தது. பழைய போர்ட்டுகளில் குத்தினாலும் வேலை செய்ய வேண்டும், புதிய போர்ட்டில் குத்தினால் வேகமாகப் போக வேண்டும். இதற்கு அவர்கள் கண்ட வழி அழகானது. புதிய கருவியும் முதலில் 12 மெகாபிட் ஆளாகவே வேஷம் போட்டுக்கொண்டு வரும். கம்ப்யூட்டர் வழக்கப்படி இரண்டு கம்பிகளையும் கீழே இழுத்து அதை ரீசெட் செய்யும். அந்த ரீசெட்டின் நடுவே கருவி ஒரு மில்லி விநாடிக்குக் குறையாமல் நீளும் ஒரு 'கீச்' ஒலி எழுப்பும். காதுக்குக் கேட்கும் ஒலி அல்ல, மின்சமிக்ஞை. ஆனால் விதிமுறைப் புத்தகமே அதற்குப் பறவைக் கீச்சின் பெயரைத்தான் வைத்திருக்கிறது. எதிரே இருக்கும் போர்ட்டுக்கு அந்த மொழி தெரிந்தால் அதுவும் மாறி மாறிக் கீச்சிடும். மூன்று ஜோடிக் கீச்சுகளைக் கேட்டதும் கருவி வேஷத்தைக் கலைத்துவிட்டு 480-க்குத் தாவும். பதில் வரவில்லையா, 12-லேயே கிடக்கும். யாரிடமும் புகார் சொல்லாது.

இந்த மௌனமான இறக்கம்தான் நம் பிடி. 2000-களின் கம்ப்யூட்டர்களில் 480-க்கு ஒரு கட்டுப்பாட்டுச் சில்லும், பழைய வேகங்களுக்குத் துணைச் சில்லும் தனித்தனியே இருந்தன. ஒரு போர்ட்டைத் துணைச் சில்லிடம் ஒப்படைத்துவிட்டால் கீச்சுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. எந்தக் கருவியைக் குத்தினாலும் 12-ஐத் தாண்டாது. லினக்ஸில் இதற்கென்றே 'கம்பேனியன்' என்ற பெயரில் ஒரு கோப்பு உண்டு. போர்ட் எண்ணை அதில் எழுதினால் போதும். கேபிள் நைந்து 480-ல் தடுமாறும் பழைய ஸ்கேனரையும் பிரிண்டரையும் 12-ல் வைத்து நிம்மதியாக ஓட்டியவர்கள் உண்டு.

2008 நவம்பரில் வந்த யூஎஸ்பி 3.0 வேறு பாதையை எடுத்தது. பழைய கம்பிகளில் 5 கிகாபிட் போகாது என்பதால் ஐந்து புதிய கம்பிகளைச் சேர்த்தார்கள்: அனுப்ப ஒரு ஜோடி, வாங்க ஒரு ஜோடி, நடுவில் ஒரு தரைக்கம்பி. பழைய நான்கு அப்படியே இருக்கின்றன. ஆக, நீல போர்ட் என்பது ஒரே வாசலில் இரண்டு வீடு. கம்ப்யூட்டரும் அதை இரண்டு போர்ட்டுகளாகவே எண்ணுகிறது. போர்ட்டுக்குள் எட்டிப் பார்த்தால் நாக்கு மாதிரி நீண்ட பிளாஸ்டிக்கில் நான்கு தங்க நிறப் பட்டைகளும், அவற்றோடு சேர்ந்து ஐந்து சின்னத் தொடுமுனைகளும் தெரியும். நீல நிறம் பரிந்துரைதான், கட்டாயமில்லை. சிவப்பிலும் கறுப்பிலும் 3.0 போர்ட் உண்டு. நிறத்தைவிட அந்த ஐந்து முனைகளை எண்ணுவதே நம்பகமான அடையாளம்.

புதிய கம்பிகளில் கீச்சு இல்லை. போர்ட் தன் அனுப்பும் ஜோடியில் ஒரு சிறு துடிப்பை விட்டு, எதிர்முனையில் சுமார் 50 ஓம் தடை உட்கார்ந்திருக்கிறதா என்று துழாவிப் பார்க்கும். இருந்தால் எதிரே 3.0 ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். பிறகு இரண்டும் சில பயிற்சிச் சமிக்ஞைகளைப் பரிமாறி ஒத்திசைந்துகொள்ளும். தடை தட்டுப்படாவிட்டால், அல்லது பயிற்சியில் தோற்றால், கருவி பழைய நான்கு கம்பிக்குத் திரும்பி, ரெசிஸ்டரை இழுத்து, கீச்சிட்டு, 480-ல் வந்து நிற்கும். பிளக்கை ரொம்ப மெதுவாகக் குத்தினால் 3.0 ஹார்ட்டிஸ்க்கே சில சமயம் 2.0 ஆக அடையாளம் தெரிவது இதனால்தான்: பழைய நான்கு முனைகள் முந்தித் தொட்டுவிடுகின்றன, புதிய ஐந்து தொடுவதற்குள் பழைய வீட்டில் குடியேற்றம் முடிந்துவிடுகிறது. காப்பி ஏன் ஆமை வேகத்தில் போகிறது என்று தவிக்கும்போது பிளக்கைப் பிடுங்கி வெடுக்கென்று குத்திப் பாருங்கள்.

ஆகவே 5 கிகாபிட்டை அடைக்க மிகச் சிறந்த கருவி மென்பொருள் அல்ல, கடையில் தொங்கும் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள். அதில் அந்த ஐந்து கம்பிகளே கிடையாது. துழாவும் போர்ட்டுக்கு எதிரே வெறும் காற்றுதான். 2.0 ஹப்பும் இதையே செய்யும். இது செலவு குறைவு, ஒரே ஒரு போர்ட்டை மட்டும் பாதிக்கும், வேண்டாமென்றால் பிடுங்கிவிடலாம். என்னைக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பத்தாமவருக்கு இன்னும் சில வழிகள். இன்டெல் தன் சிப்செட்டுக்குள்ளேயே 3.0-ஐச் சேர்த்தது 2012-ல். அந்தக் காலத்துப் போர்டுகளில் பயாஸுக்குள் போனால் 3.0-ஐ நடத்தும் புதிய சில்லுக்கு எக்ஸ்ஹெச்சிஐ என்ற தலைப்பில் ஒரு தேர்வு இருக்கும். அதை அணைத்தால் எல்லா நீல போர்ட்டும் 480-க்கான பழைய சில்லுக்குப் போய் அந்த வேகத்துக்கு இறங்கிவிடும். 2015-ல் வந்த ஸ்கைலேக் தலைமுறையோடு இன்டெல் பழைய சில்லைத் தூக்கிவிட்டது. அந்த வழி அடைபட்டது. விண்டோஸ் 7 போட உட்கார்ந்தவர்கள், இன்ஸ்டால் திரை வந்தும் கீபோர்டும் மௌஸும் செத்துக் கிடப்பதைப் பார்த்துத் திகைத்தது அந்த ஆண்டுகளில்தான். விண்டோஸ் 7-க்குப் புதிய சில்லின் மொழி தெரியாது, பழையது இல்லை.

விண்டோஸில் இன்றும் வேகத்துக்கென்று ஒரு பொத்தான் இல்லை. டிவைஸ் மேனேஜரில் 'யூஎஸ்பி ரூட் ஹப் 3.0' என்று ஒரு வரி தெரியும். பெயரைப் பார்த்து, இதை அணைத்தால் 3.0 மட்டும் போகும் என்று நம்பி டிஸேபிள் அழுத்துபவர்கள் உண்டு. அந்த ஒரே ஹப்பின் கீழ்தான் 480-ம் 12-ம் 1.5-ம் இருக்கின்றன. அடுத்த விநாடி மௌஸ் போகும், கீபோர்டு போகும், மறுபடி எனேபிள் செய்யக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

லினக்ஸ் கொஞ்சம் நாகரிகமானது. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்ததால் நம் பிள்ளைகளில் பலர் அந்தக் கறுப்புத் திரையை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். அதில் எந்தக் கருவி எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்பதை மரக்கிளை போல வரைந்து காட்டும் கட்டளை உண்டு; வரியின் கடைசியில் 12, 480, 5000 என்று எண் நிற்கும். கை வைக்கும் முன் இதைப் பார்ப்பது நல்லது. 5000 என்று நினைத்திருந்தது ஏற்கெனவே 480-ல் கிடப்பது சகஜம். நீல போர்ட்டை இரண்டு போர்ட்டாக எண்ணுகிறது என்றேனே, 2022-ல் வந்த கெர்னலிலிருந்து அந்த ஒவ்வொன்றுக்கும் 'டிஸேபிள்' என்று ஒரு கோப்பு சேர்க்கப்பட்டது. வேகமான பாதிக்கு மட்டும் அதில் 1 என்று எழுதினால் அந்தப் பாதி மூடும். கருவி தானாக மறு பாதியில் வந்து சேரும். எல்லாக் கம்ப்யூட்டரிலும் சொன்னபடி நடக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது; போர்டு தயாரித்தவர் ஒயரை எப்படி ஓட்டியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

இந்த இறக்கத்துக்கு விலை உண்டா? ஸ்டுடியோக்காரருக்கு உண்டு. 480 மெகாபிட் என்பது காகிதத்தில் விநாடிக்கு 60 மெகாபைட். நடைமுறையில் 35 முதல் 40 வரை கிடைத்தால் அதிகம். 64 ஜிபி கார்டு ஒன்றை மாற்ற அரை மணி நேரம் ஆகும். சுழலும் ஹார்ட்டிஸ்க்கை நீல போர்ட்டிலேயே விட்டால், டிஸ்க்கின் வேகம் விநாடிக்கு 100 மெகாபைட் என்று வைத்துக்கொண்டாலும், பதினொரு நிமிடத்தில் முடியும். திருவிழா ராத்திரியில் இந்த வித்தியாசம் உறைக்கும். ஆனால் சந்தையில் வாங்கும் மலிவான பென்டிரைவ் விநாடிக்கு 10, 20 மெகாபைட்டுக்கு மேல் எழுதாது. அதை எந்த போர்ட்டில் குத்தினாலும் ஒன்றுதான்.

இன்னொரு விலை மின்சாரம். 3.0 நிலையில் ஒரு கருவி 900 மில்லிஆம்பியர் வரை கேட்கலாம், 2.0-க்கு இறங்கினால் 500-தான். கூடவே ஒல்லியான நீட்டிப்பு ஒயர் சேர்ந்தால் ஹார்ட்டிஸ்க் சுழல முடியாமல் 'டிக், டிக்' என்று முனகும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள். கல்யாண வீடியோவெல்லாம் அதற்குள் இருக்கிறது.

குமுளி சாலையில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று எங்கே இறங்கினாலும் கண்ணில் படும் செல்போன் சர்வீஸ் கடைகளில் வேறொரு கதை. போனுக்கு சாஃப்ட்வேர் ஏற்றும் மேஜையில் ஒரு பழைய 2.0 ஹப், டேப் சுற்றி, அழுக்கேறிக் கிடக்கும். "நீலத்துல குத்துனா பாதியில நின்னுரும்ணே, இதுல குத்துனா ஓடிரும்" என்பது தொழில் பழகிய தம்பிகளின் வாக்கு. இதில் பாதி உண்மை. சாஃப்ட்வேர் ஏற்றுவதற்கான ஃபாஸ்ட்பூட் நிலையில் இருக்கும் போனுக்குள் ஓடுவது முழு ஆண்ட்ராய்டு அல்ல, பூட்லோடர் என்ற சின்ன நிரல். அதன் யூஎஸ்பி அறிவு அரைகுறை. சில கம்ப்யூட்டர்களின் 3.0 கட்டுப்பாட்டுச் சில்லோடு அதற்கு ஒத்துப்போவதில்லை. நடுவில் ஹப் வந்தால் மின்னளவில் போன் எதிர்கொள்வது ஹப்பை, தகராறு தீர்ந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால் அந்த நிலையில் பல போன்கள் முதலிலிருந்தே 480-ல்தான் இருக்கின்றன. வேகத்தைக் குறைத்ததால் சரியானதாகத் தோன்றும் இடத்தில் வேகம் குறையவே இல்லை, துணைதான் மாறியிருக்கிறது.

மறுபுறம், வாழைத்தார் மண்டியிலும் திராட்சைக் கமிஷன் கடையிலும் எடைத்தராசு, பில் போடும் பிரிண்டர் எல்லாம் 12 மெகாபிட்டில் ஜாம் ஜாமென்று ஓடுகின்றன. தராசு பெரும்பாலும் விநாடிக்கு 9,600 பிட்டில் பேசும் பழைய சீரியல் கருவி; விநாடிக்கு 960 எழுத்து. ஒரு எடையைச் சொல்ல அதற்குப் பத்து எழுத்து போதும். இவற்றை நீல போர்ட்டில் குத்தி இடத்தை வீணாக்குபவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கை பரபரக்கும்.

போர்ட்டின் வாயைக் கட்டும் வேலையைத் தயாரிப்பாளர்களே செய்த கதைகளும் உண்டு. 2013-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 3, 3.0 போர்ட்டோடு வந்தது. கம்ப்யூட்டரில் குத்தினால் அது தானாக 2.0-ல்தான் இணையும். 3.0 வேண்டுமென்றால் திரையில் அனுமதி கொடுக்க வேண்டும். கொடுத்தால் அழைப்புகளுக்கும் டேட்டாவுக்கும் இடைஞ்சல் வரலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். மௌஸுக்கு நேர்ந்த அதே இரைச்சல், இங்கே போனின் சொந்த ஆன்டெனாவுக்கு. பயனரிடம் கேட்டுவிட்டுச் செய்த அந்த நேர்மையை நான் பாராட்டுவேன்.

பெயர் வைக்கும் கமிட்டியைப் பாராட்ட மாட்டேன். 3.0 என்று 2008-ல் பிறந்த அதே 5 கிகாபிட்டுக்குப் பிறகு 3.1 ஜென் 1 என்றும், அதற்கப்புறம் 3.2 ஜென் 1 என்றும் பெயர் மாற்றிக்கொண்டே போனார்கள். பெட்டியில் 3.2 என்று பார்த்துவிட்டு 20 கிகாபிட் என்று வாங்கி ஏமாறுகிறவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. நீள்வட்ட முனை டைப்-சி வந்த பிறகு குழப்பம் இன்னும் கூடிவிட்டது. எட்டிப் பார்த்து ஐந்து முனைகளை எண்ணும் உபாயம் அங்கே செல்லாது. முழு அமைப்பில் ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு, மொத்தம் இருபத்து நான்கு முனைகள். இத்தனைக்கும் நடுவில் அந்தப் பழைய டி பிளஸும் டி மைனஸும் தங்களுக்கென்று தனி முனைகளோடு உட்கார்ந்திருக்கின்றன. 2019-ல் 40 கிகாபிட்டோடு வந்த யூஎஸ்பி 4-ம் அவற்றை எடுக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் கோக்கப்பட்ட ஐபோன் 15, 2023-ல் இந்த டைப்-சி முனையோடு வெளிவந்தது. சாதா மாடலின் வேகம் 480 மெகாபிட். 2000-ல் எழுதிய அதே எண். கூடுதல் காசு கொடுத்து வாங்கும் புரோ மாடலில் 10 கிகாபிட். ஆனால் புரோ பெட்டிக்குள்ளும் ஆப்பிள் வைத்துக் கொடுத்தது 2.0 கேபிள். வேகத்துக்கான கம்பிகள் இல்லாத அந்த வெள்ளை ஒயரைக் குத்தியிருக்கும்வரை, ஒரு லட்சத்துக்கு மேல் விலை சொன்ன போனும் கம்ப்யூட்டரோடு 480-லேயே பேசிக்கொண்டிருக்கும். 10 கிகாபிட் வேண்டுமானால் அதற்கான கேபிளைத் தனியாக வாங்க வேண்டும்.